லண்டனில் ஒலித்த சிம்பொனி செஞ்சிக்கு எப்போது வரும்?

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியிலுள்ள அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. வாசித்தவர்கள் ராயல் பில்ஹார்மானிக் குழுவினர். நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். அன்று இளையராஜாவுக்கு வயது 81. சினிமாப் பாட்டில் பேரும் புகழும் பெற்று ஓய்ந்து உட்காரும் வயதில், சினிமாவும் இல்லாமல், பாட்டு வரியும் இல்லாமல், வெறும் வாத்தியங்களை மட்டும் நம்பி ஒரு பெரும் படைப்பை எழுதி மேடையேற்றியிருக்கிறார். இது அசாதாரணமான காரியம். இதைப் பாராட்ட எவரும் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த சிம்பொனியைப் பற்றி நமது ஊர்களில் நடக்கும் பேச்சைக் கேட்டால், இரண்டு தவறான அபிப்பிராயங்கள் பரவியிருப்பது தெரிகிறது. இரண்டையும் பரிசீலிப்பது அவசியம்.

இரண்டு தவறான வாதங்கள்

ஒரு சாரார், “தமிழன் வெள்ளைக்காரனை அவன் ஊரிலேயே ஜெயித்துவிட்டான்” என்று மார் தட்டுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் அந்த இசையில் ஐந்து நிமிஷம்கூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை. லண்டன் கை தட்டியது, ஆகவே இது உயர்ந்தது என்பதே இவர்கள் வாதம். வெள்ளைக்காரன் போய் 78 வருஷம் ஆன பிறகும் அவன் கைதட்டலைக் கொண்டு நம் கலையை நிறுத்துப் பார்ப்பது சுயமரியாதைக்கு அழகா?

மற்றொரு சாரார் நமது முகாமைச் சேர்ந்தவர்கள். “அவர் மோடி சர்க்கார் நியமித்த எம்.பி. சிம்பொனியோ ஐரோப்பியப் பிரபுக்களின் சங்கீதம். கூலி கேட்டுப் போராடும் ஜனங்களுக்கு இதனால் என்ன பயன்?” என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. 2022 ஏப்ரலில் இளையராஜா அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு ஒரு நூலுக்கு முன்னுரை எழுதினார். அதே வருஷம் ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அந்த ஒப்பீட்டை நாம் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. இதை மூடி மறைக்கும் அவசியம் நமக்கு இல்லை.

ஆனால் கலைஞனின் அரசியல் அபிப்பிராயத்தை மட்டும் வைத்து அவன் படைப்பை எடை போடும் பழக்கம் மார்க்சியவாதிகளுடையதல்ல. பிரெஞ்சு நாவலாசிரியர் பால்ஸாக் மன்னராட்சிக்கு ஆதரவாளர். ஆயினும் எங்கெல்ஸ் 1888இல் எழுதிய ஒரு கடிதத்தில், அந்தக் காலத்துப் பொருளாதார நிபுணர்கள், சரித்திர ஆசிரியர்கள் எல்லோரிடமும் கற்றதைவிட பால்ஸாக்கிடம் தாம் அதிகம் கற்றதாகச் சொன்னார். பால்ஸாக்கின் ராஜ விசுவாசத்தை எங்கெல்ஸ் மன்னிக்கவும் இல்லை; அதற்காக அவருடைய நாவல்களைத் தூக்கி எறியவும் இல்லை. இந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

எங்கிருந்து வந்தது இந்த இசை?

இளையராஜாவின் சங்கீதம் லண்டனில் பிறக்கவில்லை, சபாக்களிலும் பிறக்கவில்லை. செங்கொடி கட்டிய மேடையில் அது நடை பழகியது. அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் ஒன்றுபட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரப் பாடகர். ஆர்மோனியத்தைத் தோளில் சுமந்து, மதுரைச் சீமையிலும் தேயிலை மலைகளிலும் ஊர் ஊராகப் பாடியவர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். தோழர் இ.எம்.எஸ். மந்திரிசபைக்கு ஒவ்வொரு இடமும் உயிராக இருந்த நேரம் அது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் நெஞ்சைத் தொட்ட பாவலரின் பாட்டுக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு என்பதை மூத்த தோழர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

அந்த அண்ணனின் கோஷ்டியில் சிறுவனாகச் சேர்ந்தவர்தான் பண்ணைப்புரத்து ராசய்யா. கட்டை வண்டியிலும் லாரியிலும் பிரயாணம். கிடைத்த இடத்தில் தூக்கம். வயற்காட்டுப் பெண்கள் பாடும் மெட்டைக் கேட்டு, அதே ராத்திரி அதில் கூலிப் பிரச்னையைப் போட்டுப் பாடும் வேலை. ஜனங்கள் எந்த மெட்டுக்கு நிமிர்ந்து உட்காருவார்கள், எதற்கு எழுந்து போவார்கள் என்பதை அவர் படித்த பள்ளிக்கூடம் அதுவே. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் அந்தப் படிப்பு.

பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுத்திலேயே எழுதவும் படிக்கவும் கற்றார். கற்றதை ஜனங்கள் கேட்கும் பாட்டிலேயே கலந்தார். இங்கே நான் ஒரு ரசிகன் என்ற முறையில் பேசுகிறேன். செஞ்சியில் கேசட் கடைக்காரரிடம் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, 60 நிமிஷ நாடாவில் பதிந்து வாங்கிக் கேட்ட தலைமுறை நாங்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் ஒரு பக்கம் போகும். பேஸ் கித்தார் வேறு பக்கம் நடக்கும். புல்லாங்குழல் இரண்டுக்கும் நடுவே புகுந்து வரும். மூன்றும் சண்டை போடாமல் ஒரே இடத்தில் வந்து சேரும். இதற்கு என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு தலைமுறை அந்தக் கேள்விப் பயிற்சியைப் பெற்றுவிட்டது.

1986இல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988இல் ‘நத்திங் பட் விண்ட்’ என்று பாட்டு வரி இல்லாத இசை நாடாக்கள் வந்தன. 1993இல் இதே ராயல் பில்ஹார்மானிக் குழுவினரைக் கொண்டு ஒரு சிம்பொனி பதிவானது, அது வெளிவரவேயில்லை. 2005இல் புடாபெஸ்ட் கலைஞர்களோடு ‘திருவாசகம்’ வந்தது. அதில் கூட்டுக் குரல்கள் எழும் இடங்களில் உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆங்கில வரிகள் புகுந்த இடங்களில் ஒட்டாமல் நின்றதும் உண்மை. ரசிகன் என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

‘வேலியண்ட்’ பற்றித் தீர்ப்புச் சொல்லும்படி சில நண்பர்கள் கேட்கிறார்கள். செல்போனில் வந்த சில நிமிஷத் துண்டுகளே என் காதுக்கு எட்டின. தனித்தனி வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் அந்தப் பழைய கைவண்ணம் அவற்றில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் சிம்பொனி என்பது வழக்கமாக நான்கு பாகங்கள் கொண்ட நீண்ட கட்டுமானம். முதல் பாகத்தில் விதைத்தது கடைசிப் பாகத்தில் என்னவாகிறது என்று பார்த்த பிறகே பேச முடியும். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் கட்டியக்காரன் வந்து போனதை மட்டும் பார்த்துவிட்டுக் கர்ண மோட்சத்துக்கு விமரிசனம் எழுதலாமா? நேரில் கேட்க வேண்டிய இசை இது என்று இளையராஜாவே சொல்லியிருக்கிறார். நியாயமான பேச்சு. நேரில் கேட்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதே நம் கேள்வி.

கூட்டு உழைப்பின் கலை

சிம்பொனி பிரபுக்களின் சங்கீதம் என்ற வாதத்துக்கு வருவோம். அது அரண்மனைகளிலும் மாளிகைகளிலும் வளர்ந்தது உண்மையே. ரயிலும் அச்சு யந்திரமும் முதலாளிகள் கையில்தான் வளர்ந்தன. அதற்காகத் தொழிலாளி அவற்றை வேண்டாம் என்று சொன்னானா?

சிம்பொனியின் உள்ளே பாருங்கள். எண்பது பேர் ஒரே மூச்சில் வேலை செய்கிறார்கள். ஒருவன் தப்பினால் எல்லோருக்கும் நஷ்டம். தனிப்பாடகனின் வித்தையை நம்பி நிற்காமல் கூட்டு உழைப்பின் ஒழுங்கை நம்பி நிற்கும் கலை இது. இதைத் தமிழ்நாட்டில் முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் நமது இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். 1960இல் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர். சினிமா வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். சென்னை இளைஞர் இசைக்குழுவை அமைத்துச் சாதாரண வாலிபர்களுக்குப் பல குரலில் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுத்தவர். சேர்ந்து பாடுவது ஜனநாயகப் பயிற்சி என்பது அவர் வாழ்நாள் நம்பிக்கை.

அந்தச் சங்கத்துக் கலைஞர்களின் கதி பிறகு என்ன ஆயிற்று? கம்ப்யூட்டரும் கீபோர்டும் வந்தன. ஐம்பது வயலின்காரர்கள் செய்த வேலையை ஒரு பெட்டி செய்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் நாள் கூலிக்கு வாசித்தவர்கள் வேலையிழந்தார்கள். படம் எடுக்கும் முதலாளிக்கு லாபம். வாசித்தவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இந்த நிலையில், மனிதர்கள் மட்டுமே வாசிக்கக் கூடிய ஒரு பெரும் படைப்பை ஒருவர் எழுதுகிறார் என்றால் அது தொழிலாளி வர்க்கத்துக்குச் சம்பந்தமில்லாத சங்கதியா?

அதை வாசிக்க லண்டனுக்கும் புடாபெஸ்டுக்கும் ஏன் போக வேண்டியிருந்தது? இங்கே முழு இசைக்குழு இல்லை. இந்தியாவில் முழுநேர சிம்பொனிக் குழு மும்பையில் 2006இல் தொடங்கப்பட்டது. அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்களே கணிசம். எட்டுக் கோடித் தமிழர்கள் இருந்தும், தங்கள் இசையமைப்பாளன் எழுதியதை வாசிக்க ஒரு குழுவை அமைக்கவில்லை. மார் தட்டுவோர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

லெனின்கிராட் காட்டிய வழி

1942ஆம் வருஷம். ஹிட்லரின் படைகள் லெனின்கிராட் நகரத்தை முற்றுகையிட்டிருந்தன. ரொட்டி இல்லை, விறகு இல்லை, தெருவில் பிணங்கள். வானொலி இசைக்குழுவில் பசியாலும் குளிராலும் மடிந்தவர்கள் போக, வாசிக்கத் தெம்புள்ளவர்கள் சொற்பமே. ராணுவத்திலிருந்து வாத்தியக்காரர்களை வரவழைத்தார்கள். வாசிப்பவர்களுக்குக் கூடுதல் உணவுப் படி கொடுத்தார்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி எலியாஸ்பெர்க் நடத்த, ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி ஒலித்தது. ஒலிபெருக்கிகள் அதை நகரத் தெருக்களுக்கும், எதிரியின் பதுங்கு குழிகளுக்கும் கொண்டுபோயின. பட்டினி கிடந்த ஜனங்கள் சிம்பொனியைக் கேட்டு அழுதார்கள்; நிமிர்ந்தார்கள். இது பிரபுக்களின் சங்கீதம் என்று அன்று அங்கே யாரும் சொல்லவில்லை. எந்தக் கலையும் யார் கையில் இருக்கிறது, யார் காதுக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே அதன் வர்க்கம் தீர்மானமாகிறது.

செஞ்சியின் நிலை

செஞ்சிக்கும் 2025இல் ஒரு பட்டம் கிடைத்தது. ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ கமிட்டி, மராட்டியர் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றே. லண்டனில் சிம்பொனிக்குக் கைதட்டல்; பாரிஸில் கோட்டைக்குப் பட்டம். இரண்டும் சந்தோஷமே. ஆனால் ராஜகிரியின் அடிவாரத்தில் நெல்லும் மணிலாவும் விளைவிக்கும் ஜனங்களின் பிள்ளைகளுக்கு இரண்டாலும் என்ன கிடைத்தது?

இங்கே சங்கீதத்துக்குப் பஞ்சமில்லை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் பம்பையும் உடுக்கையும் முழங்குகின்றன. தேசிங்குராஜன் கதையைப் பாடக் கூத்துக்காரர்கள் இருக்கிறார்கள். முகவீணை ஊதும் கிழவர்கள் சிலராவது மிஞ்சியிருக்கிறார்கள். பறை அடிப்பவனைச் சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிடும் சாதிக் கொடுமையும் இருக்கிறது. பயிற்சிக்கு இடம் மட்டும் இல்லை. 40 கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு. மாவட்ட இசைப்பள்ளிகளின் பாடங்கள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற எழுத்திசை அந்தப் பட்டியலில் இல்லை. பம்பையும் இல்லை, முகவீணையும் இல்லை. 2024இல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இளையராஜா பெயரால் இசை மையம் அமைக்க ஒப்பந்தம் ஆயிற்று. நல்லது. ஐ.ஐ.டி. வாசலைத் தாண்ட முடியாத பிள்ளைக்கு என்ன வழி?

நாம் கேட்பது

2025 செப்டம்பர் 13இல் தமிழக சர்க்கார் சென்னையில் இளையராஜாவுக்குப் பொன்விழா எடுத்தது. விழா எடுத்தது சரி. விழாவோடு கடமை முடிந்துவிடாது. நமது கோரிக்கைகள் மூன்று.

ஒன்று: ‘வேலியண்ட்’ சிம்பொனியை சர்க்கார் செலவில் மாவட்டத் தலைநகரங்களில் திறந்த மைதானத்தில், இலவசமாக வாசிக்கச் செய்ய வேண்டும். வர முடியாதவர்களுக்கு வானொலியிலும் டெலிவிஷனிலும் முழுதாக ஒலிபரப்ப வேண்டும்.

இரண்டு: மாவட்ட இசைப்பள்ளிகளில் எழுத்திசையும் கூட்டு வாசிப்பும் பாடமாக வேண்டும். பம்பை, உடுக்கை, பறை, முகவீணைக் கலைஞர்களைச் சம்பளத்துடன் ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். செஞ்சி போன்ற தாலுகா ஊர்களில் கிளைகள் திறக்க வேண்டும்.

மூன்று: வேலையிழந்த சினிமா வாத்தியக் கலைஞர்களையும் கிராமக் கலைஞர்களையும் சேர்த்து, நிரந்தரச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள தமிழ்நாட்டு இசைக்குழு ஒன்றை அமைக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை நமது கலை இலக்கிய அமைப்புகளும், வாலிபர், மாணவர், விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் கையிலெடுக்க வேண்டும். கூலியும் நிலமும் கேட்கும் கை, இசையையும் கேட்கட்டும். பாவலர் ஆர்மோனியம் சுமந்து வந்தபோது அவருக்குச் சோறு போட்டு, திண்ணையில் இடம் கொடுத்து, விடிய விடியக் கேட்டவர்கள் உழைப்பாளி மக்கள். அவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு அந்த இசையின் கனியில் பங்கு கேட்பது பிச்சையல்ல, பாக்கி வசூல்.