வர்ணம் பூசுமுன் உட்புறத்தைப் பாருங்கள்



துரு என்றவுடன் நம்மில் அநேகருக்கு மலைப்பிரசங்கம் நினைவுக்கு வரும். இவ்வாரம் நான் எழுத முற்படுவது அதைக் குறித்தல்ல. நம் வீட்டு முற்றங்களில் இன்னும் நிற்கிற பழைய அம்பாசிடர் கார்களின் இரும்பைக் குறித்தே. தகப்பனார் ஓட்டிய காரைப் புதுப்பித்து, பிள்ளைகளின் திருமணத்தன்று மணமக்களை அதிலே ஏற்றிச் செல்ல வேண்டுமென்று விரும்புகிறவர்கள் உண்டு. நல்ல விருப்பம். ஆனால் அதற்காகப் பணம் செலவிடும் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. முதலில் வர்ணம், அடுத்து இருக்கை உறை, பின்பு பளபளக்கும் பம்பர். கண்ணுக்குத் தெரியாத இரும்பின் முறை வரும்போது கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தை ஏற்று, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்டது அம்பாசிடர். லாரிக்கு இருப்பதுபோல் தனியான சேசிஸ் இதற்கு இல்லை. தரைத்தகடும், கதவுகளின் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதிகளும், குறுக்குச் சட்டங்களும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்த உடலே பாரம் முழுவதையும் சுமக்கிறது. பழைய மாதிரிகளில் முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை, தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில்தான் பிடிபட்டிருக்கிறது. பின்புற லீஃப் ஸ்பிரிங்குகளும் உடலின் அடிப்பகுதியையே பற்றி நிற்கின்றன. இந்த இடங்கள் அரித்துப்போனால் கெடுவது அழகு மட்டுமல்ல. கார் நடுவில் தொய்யும், கதவு நேராகச் சாத்தாது, கடைசியில் ஏதோவொரு பள்ளத்தில் பிடிமானம் பெயர்ந்துவிடும். அப்பொழுது உள்ளே அமர்ந்திருப்பவர்கள் நம் பிள்ளைகள்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று கேட்கலாம். கதவுக் கண்ணாடியின் ஓரமாக வழியும் மழைநீர் கதவின் உள்ளேதான் இறங்கும். அது இயல்பே. அதற்காகவே கதவின் அடியிலும் கீழ்ப்பெட்டிகளிலும் சிறு வடிகால் துளைகள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றைச் சேறும் சருகும் அடைக்கின்றன. சில வேளைகளில், வருத்தத்தோடு சொல்கிறேன், அழகாக வேலை செய்கிறோம் என்று எண்ணி டிங்கரிங் செய்பவர்களே பட்டியும் பெயிண்டும் வைத்து அவற்றை மூடிவிடுகிறார்கள். உள்ளே தங்கிய ஈரம் இரட்டைத் தகடுகளின் இடுக்கில் ஊறி நிற்கும். இன்றைய புதிய கார்களின் உடலைப் பூச்சுத் தொட்டியில் முழுவதும் அமிழ்த்தி, மின்சாரத்தின் உதவியால் உட்குழிகள்வரை பூச்சுப் படியச் செய்கிறார்கள். அக்காலத்துக் கார்களின் உட்புறத்திற்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

கடற்கரை ஊர்களில் மழை பெய்யவேண்டும் என்பதும் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். உப்புப் படிந்திருந்தால் அதற்கும் முன்பே. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், ஒட்டியிருந்த தகடுகளை நெம்பிப் பிரித்துவிடும். வர்ணத்தின்மேல் ஒரு கொப்புளம் தெரிகிறதென்றால், பல வேளைகளில் அது உள்ளிருந்து வெளியே வந்து சேர்ந்த துருவே.

ஆகையால் பெயிண்டரிடம் போகுமுன் காரை உயர்த்தி நிறுத்தி, தரைவிரிப்பையும் அதன் அடியிலுள்ள ஈரம் குடித்த மெத்தையையும் அகற்றுங்கள். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக ஒலிக்கும். சந்தேகமுள்ள இடத்தில் ஸ்குரூடிரைவர் முனையை அழுத்துங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தடித்த பட்டி இருக்கிறது. ஓட்டை விழுந்த தகட்டை வெட்டியெடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைப்பது தவிர வேறு வழியில்லை. துருவைக் கறுப்பாக மாற்றும் திரவங்கள் திறந்த பரப்புக்கு உதவும். மூடிய பெட்டிக்குள் அவற்றைச் சீராகச் சேர்ப்பது கடினம்.

வெல்டிங் எல்லாம் முடிந்து, வடிகால் துளைகள் திறந்து, உட்புறம் நன்றாக உலர்ந்தபின் செய்யவேண்டியது, கேவிட்டி வாக்ஸ் எனப்படும் மெழுகுக் கலவையை உள்ளே தெளிப்பதே. நீண்ட வளையும் குழாயின் முனையிலிருந்து எல்லாத் திசையிலும் அது தூவப்படும். இடுக்குகளில் ஊர்ந்து ஏறி, இறுகி உடையாமல் மென்மையாகவே நின்று ஈரத்தைத் தடுக்கும். இந்த வரிசையை மாற்றவேண்டாம். மெழுகு பூசிய பெட்டியின்மேல் பிறகு வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும்.

அடியில் தார் போன்ற கெட்டிப் பூச்சைத் தடவினால் போதும் என்பார்கள். துருவின்மேல் அதைத் தடவினால், விரிசல் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். பழைய என்ஜின் ஆயிலை அடிப்பதும் நம்மிடையே உண்டு. செலவில்லை, உண்மை, ஆனால் அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், சொட்டி மண்ணையும் கெடுக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியவில்லை. அரித்த அடிப்பகுதியைப் பட்டியாலும் பெயிண்டாலும் மறைத்து, விவரம் அறியாத ஓர் இளைஞனிடம் விற்பதை வியாபார சாமர்த்தியம் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். பிரேக் இல்லாத காரை அப்படி விற்பார்களா? இதுவும் அதற்குச் சமமே. வாங்குகிறவர்களும் நிறத்தைக் குறைவாகப் புகழ்ந்து, லிஃப்டில் ஏற்றிக் காட்டும்படி தாழ்மையாகக் கேட்கலாம். மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே நல்லது.

மெழுகு அடிக்கச் சித்திரை, வைகாசி வெயில் ஏற்றது. இரும்பு காய்ந்திருக்கும், மெழுகும் இளகி இடுக்குகளில் எளிதாகப் பரவும். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, வடிகால் துளைகள் ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.