வீடியோ கேமரா வாங்கப் போறீங்களா? லென்ஸை விடுங்க, ஓட்டையைப் பாருங்க!

பொட்டி தட்டுறவன்னு ஊருக்குத் தெரிஞ்சுட்டா போதும், மின்சாரத்துல ஓடுற எல்லாத்துக்கும் நம்மகிட்ட ஆலோசனை கேட்பாங்க. சமீபகாலமா எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: "கூத்து, பட்டிமன்றம், புத்தக வெளியீடு எல்லாம் எடுக்கணும். எந்த வீடியோ கேமரா வாங்கலாம்?" கூடவே ஃபோர்கே இருக்கா, ஜூம் எத்தனை மடங்குன்னு ஒரு நீளப் பட்டியல். அந்தப் பட்டியல்ல நான் ஒருதடவைகூடப் பார்க்காத கேள்வி ஒண்ணு உண்டு. "ரேடியோ செட்காரரோட மிக்ஸர்ல இருந்து ஒயர் இழுத்து இதுல சொருக முடியுமா?"

என் கட்சி ரொம்பச் சின்னது. அதுதான் முதல் கேள்வி. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஏன்னு சொல்றேன். நம்ம ஊர்ப்பக்கம் நடக்கிற நிகழ்ச்சிகள் முக்கால்வாசி காதுக்கானவை. பட்டிமன்றத்தில் பார்க்க என்ன இருக்கு? நாலு பேர், ஒரு மேஜை, ஒரு சோடா பாட்டில். பேச்சு புரியலைன்னா அந்த வீடியோவே இல்லை. மங்கலான படத்தை மனுஷன் பொறுத்துக்குவான். புரியாத சத்தத்தை ரெண்டு நிமிஷம்கூடத் தாங்க மாட்டான்.

திருவண்ணாமலைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரமண மகரிஷி 1950ல் மறைந்தார். அவர் நடப்பதும் சிரிப்பதும் படச்சுருளில் இருக்கு, இன்னைக்கும் பார்க்கலாம். ஆனா அவை மௌனப் படங்கள். உதடு அசையுது, சத்தம் இல்லை. அந்தக் காலத்துக் கருவி அப்படி. இன்னைக்கு நம்ம சட்டைப்பையிலேயே ஒலிப்பதிவுக் கருவி இருக்கு. இருந்தும் நாம எடுக்கிற கூத்து வீடியோவில் கட்டியங்காரன் என்ன நக்கல் அடிச்சான்னே கேட்கலைன்னா, அதுக்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது.

கூத்துன்னு சொன்னது சும்மா இல்லை. செய்யாறு பக்கத்துப் புரிசை எங்க மாவட்டம்தான். புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைச்சதைப் படிச்சிருப்பீங்க. பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகல்ல பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. இதில் வசனமும் பாட்டும் எல்லாமே புத்தகத்தில் இல்லை. பெரியவங்க வாயில இருக்கு. அவங்க காலத்தோடு போயிடும். அதனாலதான் இந்த ஒயர் விஷயத்தை இவ்வளவு சீரியஸா எழுதிட்டு இருக்கேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். கேமராவோட சொந்த மைக் ஏன் போதாது? முதல் காரணம் தூரம். நீங்க நாற்பது அடி தள்ளி நிப்பீங்க. நடுவுல கடலை விக்கிறவர், அழுற குழந்தை, பக்கத்துத் தெரு ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். கேமராவுக்கு வர்றது ஆளோட குரல் இல்லை, குழாய் ஸ்பீக்கர் கக்கின குரல். ரெண்டாவது காரணம் ஆட்டோ லெவல். மத்தளம் ஓங்கி அடிச்சா கேமரா தானா சத்தத்தைக் குறைக்கும், ஆள் மூச்சு வாங்க நிறுத்தினா தானா ஏத்தும். அந்த இடைவெளியில ஜெனரேட்டர் உறுமும். கேட்கிறவனுக்குத் தலைவலி.

அதனால கேமராவில் மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, வெளி மைக் சொருகுற ஓட்டை. ரெண்டு, லெவலைக் கையால் வைக்கிற வசதி. மூணு, ஹெட்போன் ஓட்டை. மூணாவதை எல்லாரும் விட்டுடுவாங்க. கேனான் 200டி மார்க் 2ல் மைக் ஓட்டை உண்டு, ஹெட்போனுக்கு இல்லை. சோனி இசட்வி-1லும் அதே கதை. சோனி இசட்வி-இ10ல் ரெண்டுமே உண்டு. காதால கேட்காம ராத்திரி முழுக்க எடுக்கிறது கண்ணைக் கட்டிக்கிட்டு பைக் ஓட்டுற மாதிரி. காசு இருக்கிறவங்க கேனான் எக்ஸ்ஏ60 மாதிரி கேம்கார்டர் பக்கம் போகலாம். கைப்பிடியிலேயே ரெண்டு எக்ஸ்எல்ஆர் ஓட்டை இருக்கும், மைக்கா லைனான்னு சுவிட்ச்சும் இருக்கும். லைன் சொருகும்போது 48 வோல்ட் ஃபேன்டம் பவரை மட்டும் மறக்காம அணைச்சிடுங்க.

இன்னொரு சங்கதி. ஸ்டில் கேமராக்கள் பலதும் 29 நிமிஷம் 59 நொடியில் நின்னுடும். 30 நிமிஷத்தைத் தாண்டிப் பதிவு பண்ணினா ஐரோப்பிய சுங்கக் கணக்கில் அது வீடியோ கேமரா, முன்னாடி அதுக்கு வரி கூட இருந்துச்சு. அதைத் தவிர்க்கத்தான் அந்த நிறுத்தம் வந்துச்சு. புதுசா வர்ற பலதில் இது போயிடுச்சு. பழசு வாங்குறவங்க விசாரிச்சுக்கோங்க. பாஞ்சாலி சபதம் போடுற நேரம் பார்த்து கேமரா தூங்கிடக் கூடாது இல்லையா?

இப்போ ஒயர். மிக்ஸரில் இருந்து வர்ற லைன் சுமாரா 1 வோல்ட். மைக் ஓட்டை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். நூறு மடங்குக்கு மேல வித்தியாசம். நேரா சொருகினா சத்தம் தலைப்பு வெட்டின மரம் மாதிரி ஆயிடும், எந்த மென்பொருளாலும் அதை முழுசா மீட்க முடியாது. நடுவுல 40 டெசிபல் குறைக்கிற அட்டெனுவேட்டர் ஒயர் போடணும். சின்னப் பொருள்தான்.

அடுத்தது கொஞ்சம் சூட்சுமம். மிக்ஸரோட எக்ஸ்எல்ஆர் அவுட்டில் ஒரே சத்தம் ரெண்டு கம்பியில் வரும், ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா. கேமராவோட ஸ்டீரியோ ஓட்டையில் அதை அப்படியே சொருகினா இடது காதுக்கு நேர், வலது காதுக்குத் தலைகீழ். ஹெட்போனில் கேட்டா ஏதோ சுமாரா இருக்கும். ஒத்தை ஸ்பீக்கர் இருக்கிற போனில் ரெண்டும் கூடும்போது ஒண்ணை ஒண்ணு அழிச்சு, குரலே காணாம போயிடும். நம்ம சனம் பாதிப்பேர் பார்க்கிறது அந்த ஒத்தை ஸ்பீக்கரில்தான். அதனால ரெக்கார்ட் அவுட் இருந்தா அதில் எடுங்க, இல்லைன்னா இதுக்குன்னே செஞ்ச ஒயரா பார்த்து வாங்குங்க.

அபாயம் ஒண்ணும் இருக்கு. ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கருக்குப் போற முனையில் 100 வோல்ட் வரைக்கும் வரலாம். அதில் போய் கேமராவைத் தொட்டீங்கன்னா கேமராவுக்குப் படுகளம்தான். லைன் அவுட்னு எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் சொருகுங்க.

இதையெல்லாம் செஞ்சாலும் மிக்ஸர் ஒயர் மட்டும் போதாதுன்னு நான் சொல்றதுக்கு வீட்டுக் காரணம் ஒண்ணு இருக்கு. எங்க சித்தப்பா ஒரு ஜமாவில் முகவீணை வாசிச்சவர். மூச்சு வாங்குதுன்னு இப்போ நிறுத்திட்டார். அவர் வாசிச்ச கடைசி வருஷக் கூத்தை ஒரு வீடியோக்காரர் மிக்ஸரில் ஒயர் போட்டுத்தான் எடுத்தார். வசனம் கண்ணாடி மாதிரி இருக்கு. முகவீணை மட்டும் எங்கேயோ அடுத்த ஊரில் ஊதுற மாதிரி கேட்குது. காரணம் எளிசு. மேலே தொங்கின மைக் ஆடுறவங்களுக்கு. பின்பாட்டு பெஞ்சுக்கு மைக்கே கிடையாது. அந்த வாத்தியம் களத்தில் இருந்தவங்களுக்கு நேராவே கேட்கும், அதனால மிக்ஸருக்கு அது தேவையே இல்லை. மிக்ஸரில் இருக்கிறது ஸ்பீக்கருக்குத் தேவையானது மட்டும்தான். சபையோட சிரிப்பும் அதில் இருக்காது.

அதனால என் யோசனை: கேமராவுக்கு ஒதுக்கின காசில் ஒரு பங்கை எடுத்துத் தனி ரெக்கார்டர் வாங்குங்க. மிக்ஸர் ஒயர் கேமராவுக்கு, ரெக்கார்டர் பின்பாட்டு பெஞ்சுக்குப் பக்கத்தில். 2024ல் வந்த ஸூம் எச்1 எசென்ஷியல் மாதிரியானவை 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்யும், லெவல் வைக்கிற கவலை பெருமளவு இல்லை. (ஆனா மைக்கே தாங்காத சத்தத்தை எந்த ஃப்ளோட்டும் காப்பாத்தாது.) ரெண்டிலும் 48 கிலோஹெர்ட்ஸ் வைங்க, ஆரம்பத்தில் ஒரு கைதட்டு பதிவு பண்ணுங்க, அப்புறம் ஒட்டறது சுலபம். ரெண்டு கருவியோட கடிகாரமும் ஒரே மாதிரி ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே எட்டு மணி நேரத்தில் அரை நொடிக்கு மேல விலகிடும். அதனால கைதட்டு ராத்திரியில் நாலஞ்சு தடவை வேணும். கூத்தில் தாளத்துக்குப் பஞ்சமா என்ன, அதையே அடையாளமா வெச்சுக்கலாம்.

கடைசியா ரேடியோ செட் அண்ணன். அவர் ஒயர் தர யோசிச்சா கோவிச்சுக்காதீங்க. உங்க ஒயரால் அவர் ஸ்பீக்கரில் "ஊஊ"ன்னு இரைச்சல் வந்தா ஊர் திட்டுறது அவரைத்தான். நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா அந்த இரைச்சல் பெரும்பாலும் வராது. விளக்கு வைக்கிற நேரத்துக்கே போய், ஒரு டீ சொல்லி, "அண்ணே, ரெக்கார்ட் அவுட் காலியா இருக்கா?"ன்னு கேளுங்க. கூட்டம் சேர்ந்தப்புறம் போய்க் கேட்டா யாரா இருந்தாலும் முடியாதுன்னுதான் சொல்வாங்க.

அடுத்த மாடல் வரட்டும்னு காத்திருக்கிற நண்பர்களே, கேமரா வருஷா வருஷம் வரும். கையில இருக்கிறதில் ஒரு மைக் ஓட்டை இருந்தா இந்தப் பங்குனிக்கே கிளம்புங்க. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு எழுபது வயசு.