கழற்றும் விசையை யார் எழுதுவது?

ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. கிளிப், ஃபாஸ்னர் தொழிலில் இருக்கும் நம்மில் பெரும்பாலோர் அவற்றை ஒரு தடவை புரட்டிவிட்டு, ‘இது ஸ்கிராப் யார்டுக்காரர் பாடு’ என்று ஓரமாக வைத்துவிட்டோம். குற்றம் சொல்லவும் முடியாது. உற்பத்தியாளரின் கடமை முழுக்க எஃகில்தான் அளக்கப்படுகிறது. 15 அல்லது 20 ஆண்டுகளுக்கு முன் சந்தைக்கு விட்ட வண்டிகளில் இருந்த எஃகில் 2029-30 வரை 8 விழுக்காடு, அடுத்த ஐந்தாண்டுக்கு 13, 2035-36 முதல் 18. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குச் சான்றிதழ் கிடைப்பதும் எஃகின் எடையை வைத்தே. பிளாஸ்டிக்கும் ரப்பரும் உரிய மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதோடு சரி. கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

இரண்டு கிராம் சீலிங் கிளிப் செய்கிறவருக்கு இந்த விதிகளில் என்ன வேலை என்று கேட்டால், எழுத்துப்படி எதுவும் இல்லை. இந்த இதழின் எதிர்ப்பு அங்கேதான் தொடங்குகிறது.

விதிகளின் நோக்கத்தோடு நமக்குச் சண்டை கிடையாது. உற்பத்தியாளர் பொறுப்பு வேண்டியதுதான். எஃகிலிருந்து தொடங்கியதும் நடைமுறைக்கு ஒத்த முடிவுதான், எடை போடலாம், ஏமாற்றுவது கடினம். ஆனால் எஃகை மட்டும் எண்ணும் விதி, டோர் பேடைக் கழற்றுவதற்கு ஒருவருக்கும் ஒரு காரணமும் தருவதில்லை. எண்ணெய் வடித்து, பேட்டரி எடுத்து, ஏர்பேகைச் செயலிழக்கச் செய்தபின் கதவை அப்படியே நசுக்கினாலும் எஃகின் எடை குறையப்போவதில்லை. ஒட்டியிருக்கும் பிஓஎம்மும் டிபிஇயும் உலையில் எரிந்து போகும். புதுப்பேட்டையில் பழைய வண்டி பிரிக்கிறவர் டோர் பேடை முழுசாக எடுக்க மெனக்கெடுகிறார் என்றால், முழுசாக எடுத்தால்தான் விலை போகும் என்பதால்தான். அந்தக் காரணம் புதிய விதியில் எங்கேயும் இல்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். பேடைக் கழற்ற ஒருவர் விரும்பினாலும் நாம் கொடுத்திருக்கும் கிளிப் விடுமா?

பூட்டுச் சரிவின் கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், செருகும் பக்கச் சரிவு 30 பாகை இருக்கும்போது, காலை வளைக்கத் தேவையான விசையைப் போல ஏறத்தாழ 1.06 மடங்கு தள்ள வேண்டும். வெளிவரும் பக்கச் சரிவு 45 பாகை என்றால் இழுக்க வேண்டியது 1.86 மடங்கு. அதையே 60 பாகை ஆக்குங்கள், 4.2 மடங்கு. பதினைந்து பாகையைத் திருப்பியதில் பிடிப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. லைனில் கட்டைவிரலால் தள்ளுகிறவருக்கு ஒரு நியூட்டன்கூடக் கூடவில்லை. 73 பாகையைத் தாண்டினால் பூட்டு தானாக வெளிவரவே வராது, ஏதாவது ஒன்று உடைந்தாக வேண்டும்.

சாதாரண கிளிப்பிலேயே இந்தச் சலுகை ஆசை காட்டும். சீலிங் கிளிப்பில் கேட்கவே வேண்டாம். அசெம்பிளி லைனில் செருகும் விசைக்கு எல்லோரும் ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள், பொதுவாக 50 நியூட்டனை ஒட்டி. அந்த 50-க்குள் குடைபோல் விரிந்த டிபிஇ உதட்டை அமுக்கும் விசையும் அடங்க வேண்டும். உதடு தன் பங்கை எடுத்துக்கொண்டால் கால்களுக்கு மிஞ்சுவது குறைவு. ஆகவே கால்களை மெலிதாக்குகிறோம். கால் மெலிந்தால் பிடிப்பு போகும். ஆகவே வெளிச்சரிவைச் செங்குத்தாக்குகிறோம். போதாததற்கு அமுங்கிய உதடு இரவும் பகலும் கிளிப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதற்காக இன்னும் ஐந்து பாகை. நீர்க்கசிவுச் சோதனையில் தேறுகிறது, ஆட்டச் சத்தச் சோதனையில் தேறுகிறது, படத்தில் கையெழுத்து விழுகிறது. கழற்றும்போது கால் ஒடிகிறது, அல்லது கால் நின்று பேடின் பின்னால் இருக்கும் டாக்ஹவுஸ் கிழிகிறது. இரண்டில் எது முதலில் போக வேண்டும் என்று யாரும் முடிவு செய்ததில்லை.

நம் டிராயிங்குகளை எடுத்துப் பாருங்கள். செருகும் விசைக்கு மேல்வரம்பு இருக்கும். இழுத்துப் பிடிக்கும் விசைக்குக் கீழ்வரம்பு இருக்கும். கழற்றும் விசைக்கு மேல்வரம்பு? அபூர்வம். எத்தனை தடவை கழற்றி மாட்டலாம் என்ற வரி? அதைவிட அபூர்வம். கழற்றி மாட்டிய பிறகு சீல் தாங்குமா என்ற வரியைப் பெரும்பாலான படங்களில் தேடவே வேண்டாம். ‘கீழ்வரம்பு 110 நியூட்டன்’ என்று எழுதினால் 111-உம் தேறும், 400-உம் தேறும். 400 வந்தால் சப்ளையரைப் பாராட்டுகிறோம்.

இந்தப் பக்கத்தில் இதை முன்பும் எழுதியிருக்கிறோம். ஆசிரியருக்கு வேறு பேச்சே இல்லையா என்று கேட்கிறவர்கள் ஒரு மழைக்காலத்தில் ஏதாவது ஒரு பல்பிராண்டு ஒர்க்‌ஷாப்பில் போய் நிற்கட்டும். பவர் விண்டோ ரெகுலேட்டர் மாற்ற வண்டி வருகிறது. மெக்கானிக் பேடைப் பிடித்து இழுக்கிறார். சில கிளிப் பேடோடு வருகிறது, சில தகட்டிலேயே தங்குகிறது, ஒன்றிரண்டு ஒடிகிறது. சர்வீஸ் மேனுவல் ‘புதிய கிளிப் மாற்றவும்’ என்கிறது. அந்த நிறத்தில், அந்த உதட்டு விட்டத்தில் புதிய கிளிப் கடையில் இருக்காது, இருந்தாலும் மொத்தப் பாக்கெட்டாக வாங்க வேண்டும். பழையதையே அடித்து ஏற்றுகிறார். உதட்டில் நிரந்தரச் சுருக்கம் விழுந்திருக்கிறது. முன்பு பெயின்ட்டில் பதிந்திருந்த வட்டத்திலிருந்து அரை மில்லிமீட்டர் நகர்ந்து உட்காருகிறது. இரண்டு வாரம் கழித்து மிதியடி நனைந்திருக்கிறது என்று வண்டி திரும்புகிறது. பழி மெக்கானிக் தலையில்.

இதில் மெக்கானிக் செய்த தவறு என்ன? பூட்டுக் காலுக்கு நாம் அனுமதித்த திரிபு ஒரே ஒரு தடவை செருகுவதற்கானது. அடிக்கடி கழற்றி மாட்டும் பூட்டுக்கு அதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் வைக்க வேண்டும் என்பது நம் கைநூல்கள் நெடுநாளாகச் சொல்லும் பாடம். பல கிளிப்பில் அந்த 60-க்குள் வடிவமைக்க இடமும் இருக்கிறது. காலை இரண்டு மில்லிமீட்டர் நீட்டினால் போதும். திரிபு நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்கும். நீட்டாததற்குக் காரணம் டாக்ஹவுஸின் உயரத்தை வேறொரு துறை முன்பே முடிவு செய்துவிட்டது என்பதுதான். சீல் விஷயமும் இப்படித்தான். ஐஎஸ்ஓ 815-இன்படி 70 பாகை செல்சியஸில் 22 மணி நேரம் அமுக்கி எடுத்த ஒரு எண்ணைப் பொருள் தரவுத்தாளிலிருந்து எடுத்துப் படத்தில் ஒட்டிவிடுகிறோம். ஐந்தாறு கோடை வெயிலில் நின்ற கதவின் உதட்டைப் பற்றி அந்த 22 மணி நேரம் எதுவும் சொல்லாது.

சோதனைத் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோதனைச்சாலையில் 0.8 மி.மீ. தகடு, பிசிறு நீக்கிய துளை. வண்டியிலோ துளை எந்தப் பக்கமிருந்து குத்தப்பட்டதோ அதைப் பொறுத்து பிசிறு கிளிப்பின் பல்லைக் கவ்வும் அல்லது வழுக்கிவிடும். மேலே பெயின்ட் படலம் வேறு. பிஏ66 கிளிப் என்றால் இன்னொரு கூத்து. மோல்டிலிருந்து வந்த உலர் நிலையில் கால் முறுகலாக இருக்கும். சென்னைக் காற்றில் திறந்த தொட்டியில் கிடந்தால் ஈரம் குடித்து நெகிழ்ந்துவிடும். எந்த நிலையில் சோதித்தோம் என்பதை எழுதாத விசை எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் ஒப்பிட முடியாது. பிஓஎம்மில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் டிபிஇ அதோடு எளிதில் ஒட்டாது. கொக்கி போல் பிணைத்து வார்க்க வேண்டியிருக்கிறது, அல்லது நுரை வாஷர் ஒட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் நம் வீட்டுக் குப்பை. ஆனால் இந்தக் குப்பையை இத்தனை காலம் பாயின் கீழ் தள்ளிவைக்க உதவியவர்கள் விதி எழுதுகிறவர்கள். ஐரோப்பாவில் 2003-இன் குறியீட்டு உத்தரவு, பிளாஸ்டிக் பாகம் 100 கிராமுக்கு மேல், எலாஸ்டோமர் 200 கிராமுக்கு மேல் இருந்தால்தான் பொருள் குறி பொறிக்கச் சொன்னது. இரண்டு கிராம் கிளிப் தப்பித்தது. மறுசுழற்சி விகிதம் கணக்கிடும் ஐஎஸ்ஓ 22628, ஒரு பாகம் பிரிக்கத் தக்கதா என்பதை மதிப்பிடும் அளவுகோல்களில் இணைப்பு முறையையும் சேர்த்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் எத்தனை நியூட்டன், எத்தனை நிமிடம் என்று ஒரு எண்ணும் கேட்கவில்லை. நமது ஏஐஎஸ்-129-உம் அதே நிறைக் கணக்குத்தான். 2023 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் வைத்த முன்மொழிவு, புதிய வண்டியின் பிளாஸ்டிக்கில் 25 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள், அதில் கால்பங்கு பழைய வண்டிகளிலிருந்தே வர வேண்டும் என்றது. பேச்சுவார்த்தையில் அந்த இலக்கு இளகினாலும் திசை மாறவில்லை. பழைய வண்டியிலிருந்து பிளாஸ்டிக் வர வேண்டுமானால் பேடு கழன்று வர வேண்டும். இங்கே அந்தப் பேச்சே எழவில்லை.

ஒரு வண்டியில் நூற்றுக்கணக்கில் கிளிப் இருக்கிறது. அத்தனையும் சேர்த்து எடை போட்டாலும் ஒரு கிலோவைச் சுற்றித்தான் வரும். அந்த ஒரு கிலோதான் பல கிலோ பிபி பேடும் பம்பரும் ஃபெண்டர் லைனரும் தனியாக வருமா, நசுங்கி வருமா என்பதைத் தீர்மானிக்கிறது. தராசில் வைத்துப் பார்க்கிறவருக்கு இது தெரியாமல் போவதில் வியப்பில்லை. குழுவில் கிளிப் செய்கிறவர் ஒருவரும் கிளிப் கழற்றுகிறவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே தெரிந்திருக்கும். இவர்கள் இருவரையும் கேட்காமல் எழுதப்பட்ட வாகன விதிகளை இந்தத் தொழில் எத்தனையோ பார்த்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டி பிரித்துவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பிபி மிதக்கும், 1.41 அடர்த்தியுள்ள பிஓஎம் மூழ்கும், உண்மைதான். கிளிப்பின் தலை டாக்ஹவுஸுக்குள் சிக்கிய துண்டு மிதக்குமா மூழ்குமா என்பது துண்டின் அளவைப் பொறுத்தது. மிதந்து பிபி உருக்கில் போன பிஓஎம் என்ன செய்யும் என்பதை எக்ஸ்ட்ரூடர் பக்கத்தில் நின்று ஃபார்மால்டிஹைடு நெடியில் கண் எரிந்தவர்களிடம் கேளுங்கள். பிவிசியும் பிஓஎம்மும் ஒரே பேரலில் சந்திக்கக் கூடாது என்பது மோல்டிங் ஷாப்பில் முதல் நாளே சொல்லித்தரும் எச்சரிக்கை. நொறுக்கிய பழைய வண்டியில் அந்த எச்சரிக்கையை யார் யாருக்குச் சொல்வது?

ஒரே பொருள் கிளிப்தான் விடை, பிபி உடலும் பிபி சார்ந்த டிபிஇ உதடும் போதும் என்கிற விற்பனைப் பேச்சையும் நாம் அப்படியே வாங்கிக்கொள்ளத் தயாரில்லை. பிபி வெயிலில் தொய்யும். பூட்டிய வண்டியின் உள்ளே கதவுத் தகடு கொதிக்கும்போது பிடிப்பு எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டட்டும், பிறகு பேசலாம். சுமை குறைந்த இடங்களில், பில்லர் கவரிலும் பூட் லைனிங்கிலும், இன்றே போடலாம். கதவின் கீழ்வரிசையில் வேண்டாம்.

ஆக, நம் நிலை இது. பிளாஸ்டிக்கையும் சான்றிதழ்க் கணக்கில் கொண்டுவரும்படி விதிகளைத் திருத்த வேண்டும். எடைக்கு அல்ல, தனியாகக் கழற்றி எடுத்த பாகத்துக்கு மதிப்பு கொடுக்க வேண்டும். ஏஐஎஸ்-129-இன் அடுத்த திருத்தத்தில் கழற்றும் விசைக்கு மேல்வரம்பு கேட்க வேண்டும். திருத்தம் வரும்வரை கைகட்டி நிற்கவும் தேவையில்லை. படம் நம் கையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்காத வரியை நாமே எழுதி அனுப்பினால் யாரும் அழிக்கச் சொல்லப் போவதில்லை.

அடுத்த இதழ் முதல், கிளிப் வடிவமைப்புக் கட்டுரைகளில் மூன்று எண்கள் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவோம்: முதல் தடவை கழற்றும் விசை, மூன்றாவது தடவை கழற்றும் விசை, மூன்றாவது தடவை மாட்டிய பின் நீர்க்கசிவுச் சோதனையின் முடிவு. தகட்டின் பருமன், துளை குத்திய திசை, கிளிப்பின் ஈரப்பத நிலை ஆகியவையும் கூடவே வரட்டும்.