கானிபல் ஹோலகாஸ்ட்: மெனுவில் ஒரு பாவமன்னிப்பு பட்டன்

எச்சரிக்கை: கீழே விலங்குகள் சாவதைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதியிருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற ஆசாமிகள் கை கழுவிட்டு அப்புறமா வாங்க.

போன மாசம் என் அலமாரிக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. 'கானிபல் ஹோலகாஸ்ட்'. 1980-இல் வந்த இத்தாலியப் படம், இயக்கம் ருஜெரோ டியோடாட்டோ. அமெரிக்காவின் கிரைண்ட்ஹவுஸ் ரிலீசிங் 2014-இல் வெளியிட்ட ப்ளூ-ரே பதிப்பு. இரண்டு ப்ளூ-ரே, கூடவே ரிஸ் ஓர்டோலானியின் இசைக்கென்று தனியாக ஒரு சிடி, ஒரு கையேடு, மணிக்கணக்கில் பேட்டிகள். அமெரிக்காவிலிருந்து வந்த நண்பன் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் சுருட்டி எடுத்து வந்தான். நானும் புதுப் பைக் வாங்கினவன் மாதிரி வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

படம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. அமேசான் காட்டுக்குள் ஆவணப்படம் எடுக்கப் போன நாலு பேர் காணாமல் போகிறார்கள். தேடிப் போகிற பேராசிரியர் அவர்கள் எடுத்த ஃபிலிம் டப்பாக்களை மட்டும் மீட்டு வருகிறார். நியூயார்க்கில் ஓட்டிப் பார்த்தால், பரபரப்பான காட்சி கிடைப்பதற்காக அந்த நாலு பேரே ஊரைக் கொளுத்தி, பெண்ணை நாசம் பண்ணி, அதையும் படம் பிடித்திருக்கிறார்கள். நாகரிகமானவன் யார், நரமாமிசம் தின்பவன் யார் என்று பேராசிரியர் யோசிப்பதோடு படம் முடியும். 1999-இல் 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' கலக்கியதே, அந்தக் 'கண்டெடுத்த ஃபிலிம்' பாணிக்கு இது தாத்தா.

ஒரு சனிக்கிழமை ராத்திரி ரூம்மேட்டை உட்கார வைத்துப் போட்டேன். கழுமரக் காட்சி வந்ததும் அவன் முகத்தை மூடிக்கொண்டான். நான் பெரிய பிஸ்தா மாதிரி விளக்கினேன். "டேய், அது சும்மாடா. இரும்புக் கம்பி நுனியில சைக்கிள் சீட்டு. அந்தப் பொண்ணு அதுமேல உக்காந்து, வாயில ஒரு மரத்துண்டை வச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்குது. அவ்ளோதான்." உண்மைதான். இத்தாலியில் நடிகர்களையே கொன்றுவிட்டார் என்று டியோடாட்டோ மேல் குற்றச்சாட்டு வந்து, நடிகர்களை உயிரோடு கொண்டுவந்து காட்டி, இந்தச் சைக்கிள் சீட்டு வித்தையையும் விளக்கித்தான் ஆள் தப்பித்தார்.

அதற்கு முன்பே வந்த காட்சி ஒன்றில் ஆற்றிலிருந்து ஒரு பெரிய ஆமையை இழுத்து வருகிறார்கள். தலையை வெட்டி, ஓட்டைப் பிளந்து, காலெல்லாம் இன்னும் ஆடிக்கொண்டிருக்க, கேமரா நகரவே நகராது. "அப்ப அந்த ஆமையும் சைக்கிள் சீட்டாடா?" என்று கேட்டான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. இந்தப் பதிவே அந்தக் கேள்வியால்தான்.

படத்தில் மனுஷன் சாவதாக நடித்த காட்சியெல்லாம் பொய். விலங்குகள் சாவது அத்தனையும் நிஜம். ஒரு கோவாட்டி (கீரி மாதிரி ஒன்று), ஆமை, டாரன்டுலா சிலந்தி, மலைப்பாம்பு, பன்றி, அணில் குரங்குகள் இரண்டு. ஏழு உயிர். கோவாட்டியைக் கொல்லும்போது பேராசிரியராக நடித்த ராபர்ட் கெர்மன் பார்க்க முடியாமல் படப்பிடிப்பிலிருந்து விலகிப் போயிருக்கிறார். ஆமைக் காட்சி முடிந்ததும் அதில் நடித்த பெர்ரி பிர்க்கானன் அழுதிருக்கிறார்.

இப்போ பெட்டிக்கு வருவோம். மெனுவில் இரண்டு வழி. முழுப் படம் பார்க்கலாம், அல்லது 'விலங்கு வதை இல்லாத' வெர்ஷன் பார்க்கலாம். ஆஹா, எவ்வளவு அக்கறை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் தடவை அந்த வெர்ஷனைத்தான் போட்டுப் பார்த்துவிட்டு "பாத்தாச்சு" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

நம்ம வேலையில் இதை தினமும் பார்க்கிறோம். ஒரு பக் வரும். சரி பண்ண முடியாது, சரி பண்ண மனசும் இருக்காது. என்ன செய்வோம்? செட்டிங்ஸில் ஒரு செக்பாக்ஸ் வைப்போம். "வேண்டாதவங்க ஆஃப் பண்ணிக்கலாம்" என்று ரிலீஸ் நோட்டில் ஒரு வரி. டிக்கெட் குளோஸ்டு. பொறுப்பு நம்மிடமிருந்து பயனர் தலைக்குப் போயாச்சு. அந்த மெனுவும் அதே செக்பாக்ஸ்தான். அது குரங்கைக் காப்பாற்றவில்லை, என்னைக் காப்பாற்றுகிறது. நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டே பெட்டியை வாங்க அனுமதிக்கிறது.

இதைச் சொன்னதும் சக வெறியர்கள் வழக்கமாக மூன்று பதில் வைத்திருப்பார்கள். வரிசையாகப் பார்த்துவிடலாம்.

ஒன்று: "நீ பிரியாணி திங்கலையா? நம்மூர்ல கிடா வெட்டலையா?" தின்கிறேன் சாமி. எங்க குலதெய்வத்துக்கும் வெட்டுவார்கள். அந்த விலங்குகளை உள்ளூர் ஆட்கள் பிறகு சாப்பிட்டார்கள் என்று டியோடாட்டோவும் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். ஆனால் கிடா வெட்டுகிறவர் அதை மெதுவாக, ஆங்கிள் பார்த்து, இன்னொரு டேக் போவதில்லை. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மனுஷியைக் கழுவில் ஏற்றியதுபோல உலகத்தையே நம்ப வைக்கத் தெரிந்த ஆளுக்கு ஒரு பொய் ஆமை செய்யத் தெரியாதா? தெரியும். செய்யவில்லை. ஏனென்றால் ஆமை மலிவு. மனுஷனுக்குச் சைக்கிள் சீட்டு, ஆமைக்குக் கத்தி. நாலு நிஜச் சாவை நடுவில் வைத்தால் பொய்ச் சாவும் நிஜமாகத் தெரியும் என்பதுதான் அங்கே நடந்த கணக்கு. அந்தக் கணக்கு பலித்ததால்தான் போலீஸ் கேஸே வந்தது.

இரண்டு: "இது ஊடகத்தை விமர்சிக்கிற படம், உனக்குப் புரியல." நன்றாகவே புரிகிறது. காட்சிக்காக ஊரைக் கொளுத்துகிறவன் மிருகம் என்று சொல்ல, காட்சிக்காகக் குரங்கைக் கொன்றிருக்கிறார்கள். பின்நவீனத்துவ அண்ணன்கள் இதற்கு 'முரண்நகை' என்று பெயர் வைத்துக் கைதட்டுவார்கள். முரண்நகைக்கு ரத்தம் தேவையில்லைங்க, பேனா போதும்.

இதைவிடக் கொடுமை ஒன்று படத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த நாலு பேர் முன்பு எடுத்த ஆவணப்படம் என்று சொல்லி, ஆட்களைச் சுட்டுக் கொல்லும் காட்சிகளை ஓட்டுவார்கள். பிறகு ஒரு தொலைக்காட்சிப் பெண்மணி, அதெல்லாம் காசு கொடுத்து நடிக்க வைத்தது என்பார். ஆனால் திரையில் ஓடுவது நைஜீரியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் எடுக்கப்பட்ட நிஜமான மரண தண்டனைக் காட்சிகள். செத்தவர்கள் நிஜ மனிதர்கள். அவர்கள் சாவைத் திரையில் போட்டுவிட்டு 'நடிப்பு' என்று வசனமும் எழுதியிருக்கிறார்கள். மெனுவில் இருக்கிற அந்த வெர்ஷனின் பெயரைத் திரும்பப் படியுங்கள். 'விலங்கு' வதை இல்லாததாம்.

மூன்று: "அப்ப தடை பண்ணச் சொல்றியா?" இல்லவே இல்லை. தடையின் லட்சணத்தை ஏற்கனவே பார்த்தாச்சு. இத்தாலியில் 1980-இல் படம் வெளியான சில நாட்களிலேயே பறிமுதல், 1984-இல் விடுதலை. பிரிட்டனில் 'வீடியோ நாஸ்டி' என்று பட்டியல் போட்டு ஒதுக்கினார்கள். கடைசியில் 2011-இல் அங்கேயே தணிக்கை வாரியம் 15 விநாடி மட்டும் வெட்டிவிட்டு அனுமதித்தது. வெட்டுப்பட்டது கோவாட்டி காட்சி. இத்தனை வருஷத் தடையால் நடந்தது என்ன? படத்துக்கு ஒரு கிரீடம். 'இத்தனை நாட்டில் தடை' என்பதே விளம்பர வாசகம் ஆகிப்போச்சு. தடை செய்தவனும் தூக்கிக் கொண்டாடியவனும் சேர்ந்தே இந்தப் பெட்டியை விற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. படத்தில் வரும் கூட்டத்துக்கு 'யனோமாமோ' என்று பெயர். யனோமாமி என்பது நிஜமான இனம், பிரேசில் வெனிசுவேலா எல்லைக் காட்டில் வாழ்கிறவர்கள். படம் எடுத்ததோ கொலம்பியாவின் தென்கோடியில், லெட்டீசியா பக்கம். நடித்தவர்கள் அந்தப் பகுதிப் பழங்குடிகள். யனோமாமிகளிடம் இறந்துபோன சொந்தக்காரரின் எலும்புச் சாம்பலை வாழைக்காய்க் கஞ்சியில் கலந்து குடித்துத் துக்கம் அனுசரிக்கும் வழக்கம் உண்டு. அந்தத் துக்கத்துக்கும் படத்தில் காட்டுகிற வேட்டைக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. நிஜத்தில் யார் யாரை வேட்டையாடினார்கள்? 1993-இல் ஹாஷிமு என்ற கிராமத்து யனோமாமிகள் 16 பேரைத் தங்கம் தோண்ட வந்த ஆட்கள் கொன்று போட்டார்கள். பிரேசில் நீதிமன்றம் அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பு எழுதியது.

இந்த டீலக்ஸ் பெட்டிக்குள் இயக்குநர் பேசுகிறார், நடிகர்கள் பேசுகிறார்கள், ஒளிப்பதிவாளர் பேசுகிறார், இசையமைப்பாளர் பேசுகிறார். லெட்டீசியாவில் அந்தக் குடிசைக்குள் நடித்தவர் ஒருவர்கூடப் பேசவில்லை. நெகட்டிவைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமையும் கழுவித் துடைத்து, புல்லின் பச்சையைக்கூட மீட்டிருக்கிறார்கள். ஆட்களை மட்டும் மீட்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லணும். கிரைண்ட்ஹவுஸ்காரர்கள் கத்துக்குட்டிகள் கிடையாது. அதை நடத்தும் பாப் முராவ்ஸ்கி, 'தி ஹர்ட் லாக்கர்' படத்துக்காக எடிட்டிங் ஆஸ்கர் வாங்கினவர். அவர்கள் பாதுகாக்காமல் விட்டிருந்தால் மங்கலான விஎச்எஸ் பிரதிதான் நமக்கு மிஞ்சியிருக்கும், டியோடாட்டோவும் கெர்மனும் பேசியது பதிவாகியே இருக்காது. டியோடாட்டோ 2022 டிசம்பரில் இறந்துபோனார். விலங்குகளைக் கொன்றது முட்டாள்தனம் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். எடுத்தவரே வருத்தப்பட்டுவிட்டார். வாங்கி வைத்திருக்கிற நாம்தான் இன்னும் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, உனக்கு என்னதான் வேணும் என்கிறீர்களா? முழுப் படம் இருக்கட்டும், ஒரு ஃபிரேம் கூட வெட்ட வேண்டாம். வெட்டினால் நடந்ததற்குச் சாட்சியும் போய்விடும். மெனுவில் அந்தச் செக்பாக்ஸுக்குப் பதிலாக, படம் தொடங்கும் முன் ஒரு அட்டை போடுங்கள். இந்தப் படத்துக்காக இன்னின்ன உயிர்கள் கொல்லப்பட்டன, சுட்டுக்கொல்லும் காட்சிகளில் இருப்பவர்கள் நிஜமாகவே செத்தவர்கள், இந்தப் பழங்குடியின் பெயர் பொய்யாகப் பயன்படுத்தப்பட்டது என்று. தாண்டிப் போக முடியாத அட்டையாக இருக்கட்டும். பைரசி எச்சரிக்கையை அப்படித்தானே போடுகிறீர்கள்?

கடைசியாக அந்தக் குரங்கு. குரங்கைக் கொல்லும் காட்சியை இரண்டு தடவை எடுத்தார்கள், அதனால்தான் கணக்கு இரண்டு. திரையில் சாவது ஒன்றுதான். இன்னொன்று முழு வெர்ஷனிலும் இல்லை, வதை இல்லாத வெர்ஷனிலும் இல்லை. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அது வராது, போகவும் போகாது.

ரூம்மேட் கேட்டதற்கு அன்றைக்கு நான் சொல்லாத பதில் இதுதான்: இல்லடா, அது சைக்கிள் சீட்டு இல்ல.

டிஸ்கி: பெட்டியைத் தூக்கிப் போட்டாயா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இல்லை, அலமாரியில்தான் இருக்கிறது. வர்றவன் போறவனுக்குக் காட்டுவதைத்தான் நிறுத்தியிருக்கிறேன். கும்மறவங்க கும்மலாம். ஆனா அந்த மூணு பதிலைத் தவிர நாலாவதா ஏதாவது கொண்டு வாங்க மக்கா.