திமிரம் நீங்கியும் ஈ பறப்பதேன்?



பிழைப்பை நாடி நகரத்துக்கு வந்த உங்களில் பலருக்கு வெள்ளறடையிலும் பாறசாலையிலும் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். "திமிரம் எடுத்தாயிற்று; ஆனாலும் கண்ணுக்கு முன் ஈ பறக்கிறதே" என்று அவர்கள் தொலைபேசியில் சொன்னவுடன், அறுவை தவறிப்போயிற்று என்று எண்ணிவிடாதீர்கள்.

திமிரம் என்னும் கண்புரை, கண்ணின் லென்ஸ் மங்குவதாகும். மங்கியதை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைக்கும் முறையை 1949-ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி தொடங்கினார். லென்ஸுக்குப் பின்னே கண்ணை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்னும் தெளிந்த கூழ். அதன் அளவு ஏறக்குறைய 4 மில்லிலிட்டர், பெரும்பகுதி தண்ணீரே. முதுமையில் அது இளகிச் சுருங்க, அதிலுள்ள இழைகள் திரண்டு விழித்திரையின்மேல் நிழல் வீழ்த்தும். அந்த நிழலே பறக்கும் ஈ. புரை நீங்கி ஒளி தெளிவாய் உட்செல்லும்போது அது இன்னும் நன்றாய்த் தெரியவரும்.

பெரும்பாலும் இது தீங்கற்றது; நாளடைவில் பழகிவிடும். ஆனால் நீரிழிவினால் இரத்தம் கசிந்தோ, கூழ் அடர்ந்து கலங்கியோ பார்வை மறைந்தால், கூழை அகற்றும் விட்ரெக்டமி தேவைப்படலாம். இதை 1970-ல் மயாமியில் ராபர்ட் மாகெமர் செய்து காட்டினார். 50 வயதைக் கடந்தவருக்குக் கூழை மட்டும் அகற்றினால், ஓரிரு ஆண்டுகளில் புரை முற்றுவது வழக்கம். ஆகையால் இரண்டையும் ஒரே அறுவையில் முடிப்பதுண்டு. இரண்டாவது பயணமும் செலவும் மிஞ்சும். எனினும் விழித்திரை பிரிதல், கிருமித்தொற்று ஆகிய ஆபத்துகள் உண்டு. நாலைந்து புள்ளிகளுக்காக அறுவையைக் கேட்டு வற்புறுத்தலாகாது.

எனவே, புரை எடுப்பதற்கு முன்பே விழித்திரையையும் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். புரை அடர்ந்து உட்புறம் தெரியாவிட்டால் அல்ட்ராசவுண்டு மூலம் பார்க்கலாம். நம் ஊராருக்குத் திருவனந்தபுரத்தில் அரசு வட்டாரக் கண் மருத்துவ நிலையம் இருக்கிறது. திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

ஒன்றை மறவாதிருங்கள். திடீரென ஈக்கள் பெருகினாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். "மகன் விடுமுறைக்கு வரட்டும்" என்று தாய் காத்திருப்பாள். பிரியும் விழித்திரை காத்திராது. இன்றிரவே அழைத்து, "ஒவ்வொரு கண்ணாய் மூடிப் பாருங்கள் அம்மா, எப்படித் தெரிகிறது?" என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.