திண்ணைத் தோழர்களும் ஒரு வாளித் தண்ணீரும்

புறக்கோட்டையில் ஒரு பள்ளிவாசல். இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்ததும் அங்கு வேலை செய்பவர் வெளிப்படிகளில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். சுத்தம் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். "ஈரமா இருந்தாத்தான் நானா படுக்க வரமாட்டாங்க" என்று அவராகவே சொன்னார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. சொன்ன வேலையைச் செய்கிறவர் அவர். ஈரத்தில் கால் படாமல் தாண்டி வீட்டுக்குப் போன எங்கள் எல்லோர் மீதும்தான் கோபம். பள்ளியின் பெயர் இங்கு அவசியமில்லை. தண்ணீர் ஊற்றாத இடங்களில் இரும்புக் கதவு போட்டிருக்கிறோம்.

அதே பள்ளியில் அஸ்ஹாபுஸ் ஸுஃப்பாவைப் பற்றி உருக்கமான குத்பாக்களைக் கேட்டிருக்கிறேன். திண்ணைத் தோழர்கள் என்று தமிழில் அழகாகச் சொல்கிறோம். வீடும் குடும்பமும் இல்லாமல் மதீனாவுக்கு வந்தவர்கள். அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூரையிட்ட ஒரு திண்ணை ஒதுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை நமக்குத் தந்த அபூஹுரைரா (ரழி) அவர்களும் அந்தத் திண்ணையில் படுத்தவர்தான். இன்று அவர் கொழும்புக்கு வந்தால் எந்தப் படியில் படுப்பார்?

படுத்தால் அது குற்றம். 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னமும் நமது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பிழைப்புக்கு வழி தெரியாத ஒருவர், சொந்தக்காரரின் அனுமதியின்றித் திண்ணையிலோ கொட்டகையிலோ ஆளில்லாக் கட்டடத்திலோ வண்டியிலோ தங்கி, தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தராவிட்டால் அவரைத் தண்டிக்கலாம். வெள்ளைக்காரன் தன் நாட்டில் 1824இல் இயற்றிய சட்டத்தின் நிழல் இது. அந்த மூலச் சட்டத்தை நீக்க பிரித்தானியப் பாராளுமன்றமே 2022இல் வாக்களித்துவிட்டது. நாமோ நிழலைக் காத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குத் துணையாக 1907ஆம் ஆண்டின் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டமும், அம்பாந்தோட்டை மாவட்டத்தின் ரிதியகம தடுப்பு இல்லமும் உள்ளன. 2013 நவம்பரில் பொதுநலவாயத் தலைவர்கள் கொழும்புக்கு வந்தபோது, பிச்சைக்காரர்கள் வீதிகளிலிருந்து அகற்றப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மாநாடு முடிந்தது. வறுமையை அகற்ற எவரும் வரவில்லை.

"உழைத்துப் பிழைக்கட்டுமே" என்பார்கள் நம் கனவான்கள். உழைக்காதவர் யார்? பகல் முழுவதும் நமது கடைகளுக்கு மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரில் சிலர், இரவில் அதே கடைகளின் பூட்டிய கதவுகளுக்கு முன்னால்தான் காட்போட் மட்டையை விரிக்கிறார்கள். உழைக்கச் சொல்கிறவர்களின் கையில் ஆயத்தமாக ஒரு ஹதீஸும் இருக்கும். யாசகம் கேட்டு வந்த அன்ஸாரி ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபிகளார் (ஸல்) இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டு, கோடரி வாங்கச் செய்து, விறகு வெட்ட அனுப்பிய சம்பவம் அது. அதைச் சொல்கிறவர்கள் முதல் வரியைக் கவனிப்பதில்லை. உன் வீட்டில் ஒன்றுமில்லையா என்றுதான் நபிகளார் முதலில் கேட்டார்கள். அந்த மனிதருக்கு வீடு இருந்தது! வீடிருந்தவருக்குக் கோடரி, வீடில்லாதவருக்குத் திண்ணை. முந்தியதற்குத் தன் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். பிந்தியதைத் தன் வாசலருகிலேயே அமைத்தார்கள். நாம் கோடரியும் கொடுக்கவில்லை, திண்ணையும் கொடுக்கவில்லை. உபதேசம் மட்டும் கொடுக்கிறோம்.

இல்லை, சில்லறையும் கொடுக்கிறோம். ஜும்ஆ முடிந்ததும் வாசலில் நீளும் கைகளில் இருபது ரூபா. றமழானில் ஸகாத் வரிசை. இந்த வரிசை கலைந்தால் நமது தர்மத்துக்கு ஆளில்லாமல் போய்விடும் என்று பயப்படுகிறோமோ என்னவோ! சில்லறை ஒரு நேரப் பசியை ஆற்றும். அதை நான் இகழவில்லை. ஆனால் நூறு பேர் போடும் சில்லறை நூறு இடங்களில் சிதறும்போது ஒருவரையும் வீதியிலிருந்து எழுப்பாது. அதே பணம் ஓரிடத்தில் சேர்ந்தால் ஓர் அறையின் வாடகை.

இது கற்பனையல்ல. பின்லாந்தில் 1987இல் 17 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வீடற்றிருந்தார்கள். முதலில் குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம் என்ற பழைய முறையை 2008இல் அந்த நாடு தலைகீழாக்கியது. முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு சாவி, பிறகு மற்றதெல்லாம். ஹெல்சிங்கியில் சல்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு 250 கட்டில்கள் போட்ட தனது விடுதியைச் சுமார் 80 தனி வீடுகளாக மாற்றியது. 2023இல் நாடு முழுவதும் வீடற்றோர் 3,500க்கும் குறைவு. மறு ஆண்டு அத்தொகை மீண்டும் ஏறியது. அரசு வீட்டு உதவியை வெட்டிய காலம் அது. கை தளர்ந்தால் வீதி நிரம்பும் என்பதே அதன் பாடம்.

அவர்கள் பணக்கார நாடு, நாம் வங்குரோத்தான நாடு என்று பதில் வரும். நம்மிடம் வக்பு இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் பதிவான பள்ளிகளில் எத்தனையோ கடைத்தொகுதிகளின் வாடகையில் நடக்கின்றன. அவற்றின் மேல்மாடி அறைகளில் இரண்டை ஒதுக்க முடியாதா? ஸகாத் பெறத் தகுந்தோரைச் சொல்லும் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் பக்கீரும் மிஸ்கீனும் முதலில் வருகிறார்கள், வழிப்போக்கரும் இருக்கிறார். நடைபாதையில் கிடப்பவரில் சிங்களவரும் தமிழரும் உண்டே என்றால், ஸதகாவுக்கு அந்த வரம்பு கிடையாது. 2004 டிசம்பரில் கடல் வந்தபோது கிழக்கில் பள்ளிகளைத் திறந்தவர்கள் நாம்தான். வெள்ளத்துக்குத் திறக்கும் கதவு வறுமைக்கு ஏன் பூட்டிக்கொள்கிறது?

அறையை விடவும் முந்தியது ஒன்றுண்டு: விலாசம். விலாசமில்லாதவருக்குக் கிராம உத்தியோகத்தர் இல்லை. கிராம உத்தியோகத்தர் இல்லாமல் அடையாள அட்டைக்கும் அஸ்வெசும உதவிக்கும் வாக்காளர் இடாப்புக்கும் போவது பெரும்பாடு. ஆகவே ஒவ்வொரு மஹல்லாவும் தன் எல்லைக்குள் இரவில் படுப்பவர்களைப் பெயர் சொல்லி அறியட்டும். பள்ளியின் விலாசத்தைக் கடித விலாசமாகக் கொடுக்கட்டும். அவர்களோடு பிரதேச செயலகத்துக்கு நடக்கட்டும். மாநகர சபை இரவுத் தங்குமிடமும் கழிப்பிடமும் அமைக்க வேண்டும். பாராளுமன்றம் 1841ஐப் புதைக்க வேண்டும். நமது பிரதிநிதிகளிடம் இவற்றைக் கேட்டிருக்கிறோமா?

இனி நம் எழுத்தாளர்களிடம் ஒரு வார்த்தை. நோன்புப் பெருநாள் கதைகளில் பிச்சைக்காரரை எத்தனை முறை சாகடித்துவிட்டோம்! பிறை தெரியும் இரவில் அவர் மரிப்பார், ஹாஜியாரின் கண் கலங்கும், கதை முடியும். அவர் பெயர் என்ன, எந்த ஊர், எதை இழந்து இங்கு வந்தார் என்று கேட்ட கதைகள் எத்தனை? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரு சமூகமே உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்டதை எழுதியவர்கள் நாம். வீடிழத்தலின் வலியை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அகதிக்கு ஒரு முகாமும் பங்கீட்டு அட்டையும் இருந்தன. நடைபாதையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

அடுத்த வெள்ளி தொழுதுவிட்டு வெளியே வரும்போது, உங்கள் பள்ளி நிர்வாகியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரவில் இந்தப் படிகள் ஏன் ஈரமாக இருக்கின்றன?