புதிய சேறு, பழைய அனுமதி

துறைமுகக் கால்வாயைப் புதிதாகத் தோண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதே கால்வாயில் பிறகு படியும் சேற்றை அள்ளினால் வேண்டாம். பராமரிப்புத் தூர்வாரல் முதல் திட்டத்திலேயே இடம்பெற்று அனுமதியும் வாங்கியிருந்தால் போதும் என்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 2009 டிசம்பர் 1-ம் தேதித் திருத்தம் விலக்களித்துவிட்டது. சென்னைக்கு வடக்கே துறைமுகமும் கழியும் உள்ள எண்ணூர் இத்தனை பட்ட பிறகும் அந்த வரியில் கைவைக்க அரசு மேலிடத்துக்கு மனம் வரவில்லை.

இந்த விலக்கின் நியாயமே தலைகீழ். முதல்முறை தோண்டும்போது வருவது பெரும்பாலும் காலங்காலமாகக் கடலடியில் கிடந்த மணலும் களிமண்ணும். பராமரிப்பில் வருவதோ அனுமதி தந்த அன்று அங்கே இல்லாத சேறு. ஆறு கொண்டுவந்த வண்டல், ஆலைக் கழிவு, அனல்மின் நிலையச் சாம்பல் எல்லாம் அதில் கலந்திருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரின் கொசஸ்தலையாற்றில் எண்ணெய் இறங்கியதே, அதில் தோய்ந்த வண்டலை எந்தப் பழைய அறிக்கை ஆராய்ந்தது? அப்போது இல்லாத சேற்றுக்கு அப்போதே அனுமதி கொடுத்துவிட்டோம் என்பதுதான் இந்த விலக்கின் பொருள்.

தூர்வார வரும் உறிஞ்சும் கப்பல் சேற்றோடு நீரையும் சேர்த்தே இழுக்கும். கனமான மணல் தொட்டியில் தங்கும். நுண்ணிய வண்டல் கலந்த நீர் வழிந்து கடலுக்கே திரும்பும். தொட்டி நிறைந்ததும் வெளிக்கடலில் அடிக்கதவைத் திறந்து கொட்டிவிட்டு வரும். கிளறிய சேற்றிலிருந்து அம்மோனியாவும் சல்ஃபைடும் வெளிவரும், நீரிலுள்ள ஆக்சிஜன் குறையும். கலங்கல் ஓதத்தோடு எங்கே போகிறது என்பதை வேலை நடக்கும்போதே, மணிக்கு மணி அளந்தால்தான் தெரியும். நாம் செய்வது என்ன? அனுமதி நிபந்தனைகளுக்கான அறிக்கை ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. அதை எழுதித் தருவதும் திட்டத்தை நடத்துபவரே. ஜனவரியில் வந்த கப்பல் பிப்ரவரியில் போய்விட்டால், ஜூனில் எடுக்கும் மாதிரி தெளிவாக இல்லாமல் எப்படி இருக்கும்? இத்தனைக்கும், கடலோரக் குளியல் நீரில் கலங்கல் 30 என்.டி.யு.வைத் (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கும் நாடு இது.

எண்ணூர்க் கழியில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, நீரில் அமர்ந்தபடியே நகர்வார்கள். தரை மணலா, புதுச் சேறா என்பதை அவர்கள் விரல் சொல்லிவிடும். அந்தச் சாட்சியத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. 

அளந்து அறிவிக்க வேண்டிய அதிகாரிகளின் பழைய கணக்கும் நினைவில் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, எண்ணெயால் பாதிப்பே இல்லை என்றுதான் முதல் அறிவிப்பு வந்தது. சில நாளில் இளைஞர்கள் கரையில் வரிசைகட்டி நின்று வாளியால் கரும்பிசினை அள்ளினார்கள். அதற்கும் முன்னால், 1996-ம் ஆண்டுக் கடலோர வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழி, பின்னால் வந்த வரைபடத்தில் காணாமலே போனது. கழியையே தொலைத்தவர்கள் கலங்கலை அளப்பார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள்! ஒவ்வொரு முறையும் ஒரு குழு, ஓர் ஆய்வு, அவகாசம்; பிறகு அடுத்த விபத்து.

அடுத்த தூர்வாரலுக்கு முன்பாவது அன்றைய சேற்றைச் சோதிக்க வேண்டும். அளக்கும் வேலை கப்பலை அமர்த்தியவரிடம் இருக்கக் கூடாது; அளவு மீறினால் கப்பலை நிறுத்தும் அதிகாரம் யாரிடமாவது இருக்க வேண்டும். அதற்கான வழியை மேலிடத்தார்களே வகுக்கட்டும். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை மீனவர் குப்பத்துக்கு வந்து சொல்லட்டும்.